ஆறரை மணி ஜோடி

வேலம்பாளையத்தில் சாயப்பட்டறையோடு சேர்ந்த அந்தப் பனியன் கம்பெனியின் வரவேற்பறையில் ஒன்பதடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. கடல்மீன் தொட்டி. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்தால் துணி சாம்பிளைத் தொடுவதற்கு முன்பு அதன் எதிரே கொஞ்ச நேரம் நிற்பார்கள். முதலாளி கன்னையன் அதற்காகத்தான் அதை வைத்தார். வைத்த கையோடு அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அனுசுயாவின் தலையில் விழுந்தது.

அனுசுயாவுக்கு மீனைப் பற்றி எதுவும் தெரியாது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். கெமிஸ்ட்ரி படித்திருந்ததால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் லேபில் வேலை கிடைத்தது. சாயத் தண்ணீர் உள்ளே வரும்போது எவ்வளவு உப்பு, வெளியே போகும்போது எவ்வளவு என்று பதினோரு வருடமாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். முதலாளி அவளைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: சாயத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கத் தெரிந்த அம்மிணிக்கு நல்ல தண்ணீரில் உப்பைக் கலக்கத் தெரியாதா?

மீன்களைக் கொண்டுவந்தவன் இளங்கோ. காங்கேயம் ரோட்டில் அலங்கார மீன் கடை வைத்திருந்தான். அவளைவிட நாலைந்து வயது இளையவன். முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டான். கடல்மீன் வளர்ப்பில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொல்லிக் கொடுத்ததுதான். உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு குளிர வேண்டும், பெரிய ஏஞ்சல் மீனை ஏன் வலை போட்டுப் பிடிக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். செவுள் மூடியில் ஒரு முள் இருக்கும், அது வலையில் மாட்டினால் மீன் கிழித்துக்கொள்ளும். டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். கேட்ட கேள்வியையே அவள் திரும்பக் கேட்டாலும் அவன் சலித்துக்கொண்டதில்லை. முனீஸுக்கு, அவள் புருஷனுக்கு, டெங்கு வந்து படுத்திருந்தபோது ராத்திரியில் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. தம்பி என்று ஒருவன் இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று முனீஸிடம் சொல்லியிருக்கிறாள்.

தொட்டிக்கு முதலில் வந்தது ஒரு எம்பரர் ஏஞ்சல். ஓரடி நீளம். நீல உடம்பில் மஞ்சள் கோடுகள், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. கோபம் வந்தால் உடம்புக்குள்ளிருந்து டொம் என்று ஒரு சத்தம் கொடுக்கும். கண்ணாடிக்கு வெளியே கேட்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் தொட்டி விரிசல் விடுகிறதோ என்று பின்னால் நகர்வார்கள். ஒரு வருடம் அது தனியாக ராஜாங்கம் நடத்தியது. பிறகு முதலாளிக்கு இன்னொன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இளங்கோ வேண்டாம் என்றான். ஒரே இனத்தில் இன்னொன்றை விட்டால் அடித்துக் கொன்றுவிடும், வேறு இனமானாலும் பெரிய ஏஞ்சலுக்கு இன்னொரு பெரிய ஏஞ்சலைக் கண்டால் ஆகாது என்று எவ்வளவோ சொன்னான். முதலாளி கேட்கவில்லை. மன்னார் வளைகுடாப் பக்கம் பிடித்த ஒரு புளூ ரிங் ஏஞ்சல் வந்து சேர்ந்தது. பழுப்பும் பொன்னும் கலந்த உடம்பு, வளைந்து வளைந்து போகும் நீலக் கோடுகள், செவுளுக்கு மேலே ஒரு நீல வளையம், வெள்ளை வால். எம்பரரைவிடக் கொஞ்சம் சிறியது.

தொட்டியின் நடுவில், ஓட்டைகள் போட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகையை வைத்து இரண்டையும் பிரித்துவிட்டார்கள். எம்பரர் பலகையில் மோதியது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரைமணி நேரம் எத்தனை தடவை மோதுகிறது என்று அனுசுயா எண்ணி ஒரு நோட்டில் எழுதினாள். எண்ணி எழுதுவது அவளுக்குப் பழகிய வேலை. முதல் நாள் நாற்பத்தியொன்று. ஒரு வாரம் கழித்து இருபத்தாறு. மூன்றாவது வாரத்தில் நாலு. இருபத்திரண்டாம் நாள் காலையில் வந்தபோது பலகைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டும் ஒட்டிப் படுத்திருந்தன. இளங்கோ வந்து பலகையை எடுத்தான். இரண்டு நாள் துரத்தல் இருந்தது. அதன் பிறகு இரண்டும் சேர்ந்தே மேய்ந்தன. சேர்ந்தே பாறை இடுக்கில் அடைந்தன.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் அவள் கிளம்பத் தாமதமாகி வரவேற்பறை வழியாக வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். ஐந்தரைக்கு ஜெனரல் ஷிப்ட் முடிந்ததும் அங்கே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பார்கள். தொட்டியின் விளக்கும் ஆறேகாலிலிருந்து தானாக மங்கும். அந்த மங்கலில் எம்பரர், புளூ ரிங்கின் வயிற்றுப் பக்கம் மூக்கை வைத்தபடி அதை மெல்ல மேலே தள்ளிக்கொண்டு போனது. தண்ணீர் மட்டம் வரை இரண்டும் சாய்ந்து சாய்ந்து ஏறின. மேலே போய் ஒரு நொடி நின்றன. பிறகு இரண்டும் விசுக்கென்று கீழே பாய்ந்தன. தண்ணீரில் புகை மாதிரி ஏதோ கலைந்தது.

மறுநாளும் அதே ஆறரைக்கு அதே மாதிரி நடந்தது. மூன்றாம் நாள் லேபில் கிடந்த மெல்லிய நைலான் வடிதுணியால் தண்ணீரின் மேல்பரப்பை வழித்து எடுத்தாள். கசடில் இருக்கும் கிருமிகளைப் பார்க்க வைத்திருந்த மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்த்தாள். உருண்டை உருண்டையாக, கண்ணாடி போல முட்டைகள். ஒரு பீக்கரில் தொட்டித் தண்ணீரை ஊற்றி அவற்றை அதில் விட்டுவிட்டுப் போனாள். அடுத்த நாள் மத்தியானம் பார்த்தபோது சில முட்டைகள் உடைந்து, நூல் துணுக்கு போல ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

அவள் முதலில் போன் செய்தது இளங்கோவுக்குத்தான். கால்மணி நேரத்தில் வந்துவிட்டான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மைக்ராஸ்கோப்பில் குனியப் போய் இடித்துக்கொண்டான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

“அக்கா, இது ரெண்டும் வேற வேற இனமுங்க. இப்படிச் சேந்து குஞ்சு பொரிச்சு நம்ம பக்கம் யாரும் பாத்ததில்லீங்க.”

அந்தக் குஞ்சுகள் நாலாம் நாள் செத்துப்போயின. அப்போதுதான் வாய் திறந்த அவ்வளவு சின்ன உயிருக்கு என்ன தீனி கொடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதற்கடுத்தவையும் செத்தன. இளங்கோ எங்கெங்கோ விசாரித்துப் புதுப் புதுத் தீனியாகக் கொண்டுவந்தான். ஐந்து நாள், ஆறு நாள் என்று இழுத்தார்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம், ஒரு குஞ்சாவது வளர்ந்த பிறகு சொல்லலாம் என்பது அவன் யோசனை. அவளுக்கும் சரியென்றுதான் பட்டது.

“நாம ரெண்டு பேரும் சேந்து இதைப் பத்தி எழுதலாமுங்க அக்கா. உங்க பேரு முன்னாடி, எம்பேரு பின்னாடி” என்றான்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் அவள் கம்பெனி வேனில் வீட்டுக்குப் போகவில்லை. ஆறரை தாண்டியதும் தேதி, நேரம், தண்ணீரின் சூடு, எத்தனை தடவை மேலேறின, எம்பரர் எந்தப் பக்கம் நின்றது என்று நோட்டில் எழுதிவிட்டு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போவாள். அதே நோட்டின் ஓரத்தில் வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமானும் எழுதியிருக்கும். பிள்ளை இல்லாதவள், மீனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று லேபில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவள் பொருட்படுத்தவில்லை. தீனி போடும்போது இரண்டும் அவள் விரலுக்கே வந்தன. மற்றவர்கள் கைக்கு வராது.

போன ஆவணியில் ஒரு நாள் இளங்கோ வந்து தொட்டிக்குள் டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, வெள்ளைப் புள்ளி நோய் ஆரம்பித்திருக்கிறது என்றான். அவளும் குனிந்து பார்த்தாள். அவளுக்கு ஒரு புள்ளியும் தெரியவில்லை.

“ஆரம்பத்துல தெரியாதுங்க்கா. பழகின கண்ணுக்குத்தான் தெரியும். ரெண்டையும் கடைக்குக் கொண்டுபோயி ஆறு வாரம் மருந்துல வெக்கோணும். விட்டா ரெண்டும் போயிரும்.”

இத்தனை வருடமாகக் கண்ணை நம்பிப் பிழைத்தவள், அன்று தன் கண்ணைவிட அவன் சொல்லை நம்பினாள். டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து வைத்து, டப்பாவின் வாயருகே விரலை நீட்டினாள். தீனி என்று நினைத்து புளூ ரிங் வந்தது. விரலை டப்பாவுக்குள் இழுத்தாள், அதுவும் உள்ளே போனது. அதைப் பார்த்து எம்பரரும் இன்னொரு டப்பாவுக்குள் போனது. ஐந்து நிமிட வேலை. தேதியெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அவன் நோட்டையும் வாங்கிக்கொண்டான்.

முதல் வாரம் தினமும் போன் செய்தான். பிறகு அவள்தான் செய்ய வேண்டியிருந்தது. நேரில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டால், மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஆள் வந்தால் மீன் மிரளும் என்பான். ஆறு வாரம் எட்டு வாரமாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முனீஸ் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். அவன் பனியன் கம்பெனியில் டெய்லர். அவர்கள் குரூப்பில் ‘திருப்பூர்க்காரர் சாதனை’ என்று யாரோ ஒரு வீடியோவை அனுப்பியிருந்தார்கள்.

“ஏ அனுசு, இங்க வந்து பாரு. இது உன் கையெழுத்து மாதிரில்ல இருக்கு?”

கோயம்புத்தூரில் மீன் வளர்ப்பவர்கள் கூடிய ஒரு கூட்டம். மேடையில் இளங்கோ. பின்னால் திரையில் அவளுடைய நோட்டின் ஒரு பக்கம் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு நாள் சாயங்காலமும் தொட்டி முன்னால் உட்கார்ந்து தானே பார்த்து எழுதியதாக அவன் சொல்லிக்கொண்டிருந்தான். பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து போன நாளெல்லாம் உண்டு என்றான். அவள் சொன்ன கதை அது. பிறகு அவன் கடையில் இருக்கும் புதுத் தொட்டியைக் காட்டினார்கள். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று விளக்கு, நடுவில் எம்பரரும் புளூ ரிங்கும். ஒரு மாதத்துக்கு முன்பு எடுத்ததாகத் தேதி போட்டிருந்தது. உடம்பில் ஒரு புள்ளி இல்லை.

திரையில் அந்த நோட்டுப் பக்கத்தின் ஓரத்தில் தக்காளி அரைக்கிலோ, ரசப்பொடி, முனீஸ் மாத்திரை என்று எழுதியிருந்ததை அவன் மறைக்கக்கூட இல்லை.

முனீஸ் கொதித்தான். அவள் வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் அழுகை வந்தது. அவன் அந்த மீன்கள் தன் கைக்கே வரும் என்று சொன்ன இடத்தில்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக முதலாளி அறைக்குப் போனாள். இளங்கோ மீன்களை ஏமாற்றிக் கொண்டுபோய்விட்டான் என்று சொன்னாள். கன்னையன் அவளை உட்காரச் சொன்னார். அவர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

“எனக்குத் தெரியுமுங்க அம்மிணி. ஆடி மாசமே வந்து கேட்டாப்டி. பெரிய பேராகும், கம்பெனி பேரையும் சொல்றேன்னாப்டி. சரி, கொண்டுபோப்பான்னு சொல்லிட்டனுங்க.”

“நோயின்னு சொன்னாரே.”

“அது நாந்தானுங்க சொல்லச் சொன்னேன். நீங்க அதுக மேல உசுரா இருக்கறீங்க. சும்மா கொண்டுபோனா மனசு சங்கடப்படுவீங்க. சீக்குன்னா ஒரு மாசத்துல ஆறிருமுங்களே.” அவர் கொஞ்சம் யோசித்தார். “மீனு தானுங்களே. வேற வாங்கி உட்டுக்கலாம்.”

அவள் கேட்க நினைத்து வந்த கேள்விகள் எல்லாம் அங்கேயே உதிர்ந்துவிட்டன. ஒருவன் திருடிவிட்டான் என்றால் இன்னொருவரிடம் முறையிடலாம். இருவரும் சேர்ந்து, அவள் நன்மைக்கு என்று பேசிவைத்து, அவள் கையாலேயே செய்ய வைத்திருக்கிறார்கள். டப்பாவுக்குள் விரலை நீட்டியது அவள்தான். மீன் அவளை நம்பித்தான் உள்ளே போனது. சரிங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அன்று மத்தியானம் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு காங்கேயம் ரோட்டுக்குப் போனாள். கடை வாசலில் இளங்கோவின் படத்தோடு பேனர் கட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் பயம் வந்தது, அப்புறம் என்ன காரணத்தாலோ நிம்மதியும் வந்தது. வாங்க அக்கா என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

தொட்டியின் நடுவில் பலகை வைத்திருந்தது. இந்தப் பக்கம் புளூ ரிங் ஓரமாகச் சாய்ந்து நின்றது. முதுகுத் துடுப்பு கிழிந்திருந்தது. வயிற்றோரம் செதில் பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எம்பரர் பலகையில் மோதிக்கொண்டே இருந்தது. டொம், டொம் என்று சத்தம் வந்தது.

இங்கே வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவை சேர்ந்து மேலேறவில்லை என்றான் இளங்கோ. பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் விளக்கை இரவு பத்து மணி வரை அணைக்க முடியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு சண்டை தொடங்கிவிட்டது. நோட்டில் எழுதியிருந்தபடி எல்லாம் செய்து பார்த்துவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து கடல்மீன் ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் இரண்டு பேர் ஜோடியைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் சேர்த்துவைக்க வேண்டும்.

“நீங்க மட்டும் சேத்து வெச்சுக் குடுங்க அக்கா. அவங்க முன்னாடியே உங்க பேரைச் சொல்லிப்போடறேன். சத்தியமா.”

அவளுக்குச் சேர வேண்டிய பேரையே எடுத்து வைத்துக்கொண்டு, அதை அவளுக்கே கூலியாகக் கொடுக்கிறான் என்பது அவளுக்கு விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்தபடி, கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் பேரைச் சொல்லத்தான் நினைத்தேன், மேடையில் ஏறியதும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள், அப்படியே வந்துவிட்டது என்றான். நோய் என்று சொன்னதும் அப்படியே வந்ததா என்று அவள் கேட்டாள்.

அவள் கண்ணாடியருகே போனாள். புளூ ரிங் அவள் விரலுக்கு வரவில்லை. இன்னும் ஓரமாக ஒதுங்கியது.

அவன் முகத்தைப் பார்க்காமல், அவளுக்குத் தெரிந்ததை வெட்டு வெட்டென்று சொன்னாள். இப்போது சேர்க்கவே கூடாது. ஒரு தரம் இப்படி அடி வாங்கிய மீன், அதே சின்னத் தொட்டியில் ஓடி ஒளிய இடமில்லாமல் கிடந்தால் பிழைக்காது. பலகையை எடுக்காதீர்கள். புளூ ரிங்கை இன்று சாயங்காலமே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். விளக்கைக் குறையுங்கள். மூன்று மாதம் ஆகட்டும், அப்புறம் பலகையிலிருந்து ஆரம்பிக்கலாம்.



“ஞாயித்துக்கெழமை எனக்கு அவமானம் வரோணும்னு சொல்றீங்களாக்கா?”

“நெசத்தைத்தான் சொல்றேன்.”

“எம்மேல கோவமிருக்கும். எனக்குப் புரியுதுங்க. ஆனா மூணு மாசம்னு சொன்னா எப்படிங்க? நீங்க ஏதோ ஒண்ணை நோட்டுல எழுதாம வெச்சிருக்கறீங்க.”

“நான் எதையும் மறைச்சு வைக்கலை. மறைக்கணும்னு எனக்குத் தோணுனதே இல்லை” என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவன் பலகையை எடுத்துவிட்டான். மத்தியானம் வரை ஒன்றும் ஆகவில்லை என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். சாயங்காலம் கடையில் கூட்டம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது புளூ ரிங் தொட்டியின் மூலையில் மிதந்தது. ஒரு கண் இல்லை.

வந்தவர்கள் செத்த மீனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று பகலில் இளங்கோ அவளுக்குப் போன் செய்தான். நீங்கள் சொன்னதைப் பொய் என்று நினைத்துவிட்டேன் என்றான். பொய் என்று ஏன் நினைத்தீர்கள் என்று கேட்டாள். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன் என்றான். அவன் அவளிடம் உண்மையாகப் பேசியதில் அது ஒன்று. அவள் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு அவன் எண் வந்தால் எடுப்பதில்லை.

பத்து நாள் கழித்து எம்பரர் மட்டும் கம்பெனித் தொட்டிக்குத் திரும்பி வந்தது. டிசம்பரில் பையர்கள் வருவதாக இருந்தது. முதலாளி வேறொரு கடையில் இன்னொரு புளூ ரிங்குக்குச் சொல்லிவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பலகை வைத்துப் பழக்கும் வேலையை மறுபடி ஒரு தரம் பண்ணிக்கொடுத்தால் நன்றாயிருக்கும் என்றார். இந்தத் தடவை தொட்டிக்குப் பக்கத்தில் அவள் பேர் போட்டு ஒரு போர்டு வைக்கலாம் என்றும் சொன்னார்.

“முடியாதுங்க” என்றாள் அனுசுயா.

அந்த அறையில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் காரணம் கேட்கவில்லை. தண்ணீரை மட்டும் தினமும் டெஸ்ட் பண்ணித் தருகிறேன், அது என் வேலை என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனாள்.

முனீஸ் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். நீ உள்ளதைச் சொன்னாய், அவன் கேட்கவில்லை, செத்தது அவன் பாவம் என்றான். அவளும் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அன்று கடையில் நின்று பேசியபோது தன் குரல் எப்படி இருந்தது என்பது அவளுக்கு நினைவிருந்தது. சொன்னது அத்தனையும் நிஜம். சொன்ன விதத்தில் வெறுப்பு இருந்தது. அந்த வெறுப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பானோ என்று தோன்றும். அவன் நம்பாமல் போகட்டும் என்று மனசின் ஏதோ ஒரு மூலையில் நாமே நினைத்தோமா என்றும் தோன்றும். இதை அவள் முனீஸிடம் சொல்லவில்லை.